முப்பத்தாறும் முடியட்டும்

அத்தியாயம் 11

போன வாரம் என் நாத்தனாரின் பிசியோதெரபி கூடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டியதோடு விட்டேன். நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு. கல்யாண வாழ்க்கை சரிப்பட்டு வராமல் திரும்பி வந்து, இரண்டு வருடம் எங்கள் நடு அறையில் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தவள், சொந்தக் காலில் நிற்கப்போகிற நாள். அதற்கு முந்தின நாள் ஒன்றாவது யாரும் யாரோடும் மல்லுக்கட்டாமல் கழியும் என்று நினைத்தேன். நினைப்புதான்.

காலை எட்டு மணி. மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பி ஒரு செருப்பை மாட்டியிருந்தேன். ஃபோன் அடித்தது.

"அண்ணி, சுவர் அழுவுது."

"யார் அழுவுறா?"

"சுவர், அண்ணி. கை கழுவுற இடத்துல டைல்ஸ் இடுக்குல இருந்து தண்ணி வடியுது. உங்க வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க."

சாதாரண நாளில் அவர் அவளுக்கு 'அண்ணன்'. 'உங்க வீட்டுக்காரர்' என்று சொன்னாள் என்றால் கோபம் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுவருக்குள் பைப் போட்டது சாட்சாத் என் வீட்டுக்காரர்தான். குழாய் வேலை அவர் தொழில். கடைக்கு லீவு சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும் போனபோது நாத்தனார் வாளியை வைத்துக்கொண்டு சுவருக்குக் காவல் நின்றாள். தரையிலிருந்து கூரை வரை வெள்ளை டைல்ஸ். ஒட்டி இரண்டு மாதம்தான் ஆகிறது. நடுவில் ஓர் இடுக்கில் கசிந்து, கீழே வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"டைல்ஸ் ஒட்டினவர்கிட்ட பேசிட்டேன்" என்றாள். "எங்க ஒழுகுதுன்னு தெரியாம கை வெச்சா மொத்தச் சுவரையும் உடைக்கணுமாம். திரும்ப ஒட்ட நாலு நாளாம். நாளைக்கு மூட்டு டாக்டர் ஒன்பது பேரை அனுப்புறார். பூட்டியிருக்கிறதைப் பார்த்தா அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. அப்புறம் டாக்டர் ஒருத்தரைக்கூட எனக்கு அனுப்ப மாட்டார்."

இவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். விரலால் தட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தண்ணி இடுக்கு வழியா எங்கேயோ ஓடி வந்து எங்கேயோ வெளிய வருது. வடியிற இடத்துலதான் ஓட்டைன்னு சொல்ல முடியாது."

"அதுக்குத்தானே சுவரை மூடுறதுக்கு முன்னாடி படம் எடுத்து வெப்ப?" என்றாள் நாத்தனார். "படத்தைக் காட்டு."

இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவருக்கு ஒரு வழக்கம். பைப்பைப் போட்டுப் பூசி மூடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்வார். பின்னால் ஒழுகினால் படத்தைப் பார்த்து ஒரே ஒரு டைல்ஸை எடுத்தால் போதும். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று ஃபோன்களை அடுத்தடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்ட பிறகு, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. ஃபிலிம் போடுகிற ரகம். ஃபோகஸை அதுவே பார்த்துக்கொள்ளும். ஓரமெல்லாம் ரப்பர் வைத்து, ஈரக் கையோடு எடுத்தாலும் கெடாதபடி செய்திருக்கிறார்கள். "தெறிச்சா தாங்கும், முங்குனா தாங்காது" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். பால்காரருக்குக்கூட இது மனப்பாடம்.

என் வயிற்றெரிச்சல் அதுவல்ல. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். முப்பத்தாறும் முடியாமல் கழுவக் கொடுக்கவே மாட்டார். இந்த ரோலைப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

இப்போதும் அதையே சொன்னார்.

"ரோல் முடியல. முப்பத்தாறும் முடியட்டும்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"எத்தனை ஆயிருக்கு?" என்றேன்.

"முப்பத்தொண்ணு."

"மிச்சம் அஞ்சு படம். அந்த அஞ்சு படத்துக்காக இவ சுவரை இடிக்கணுமா?"

"நடுவுல கழட்டக் கூடாதும்மா. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்."

"நடுவுலயே சுத்திக்க ஒரு பொத்தான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அடியில, குண்டூசியால அழுத்துறது."

"அது பழசு. அழுத்தினா சிக்கிக்கும்."

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. உலகத்தில் எல்லா ஆண்களும் ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கூடப்பிறந்தவள் கதிகலங்கி நிற்கும்போது ஐந்து படத்துக்கு அடம் பிடிப்பாரா ஒரு மனுஷன்? அவர் சட்டைப் பையிலிருந்து கேமராவை நானே உருவினேன்.

"இப்பவே அஞ்சையும் முடிச்சுடுறேன்."

மூடியைத் தள்ளினேன். கண்ணை வைத்து, மிதியடியைக் குறிபார்த்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ஓரத்தில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

"ரொம்பக் கிட்டப் போனா அது எடுக்காது" என்றார் இவர். "தள்ளி நில்லு. முதல்ல பாதி அழுத்தணும். பச்சை விளக்கு நிலையா நின்னா ஃபோகஸ் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் மீதியை அழுத்து."

"அழுத்துறதுல கூட பாதி, மீதியா?"

தள்ளி நின்று மிதியடியை எடுத்தேன். பளீர். முப்பத்திரண்டு. நாத்தனார் முகத்தை எடுத்தேன், கடுகடுவென்று இருந்தது. முப்பத்து மூன்று. ஒழுகுகிற சுவர், முப்பத்து நான்கு. நாளை ஒன்பது பேர் வரிசையாகப் படுக்கப்போகிற கட்டில், முப்பத்தைந்து.

"கடைசிப் படத்தை நான் எடுக்கிறேன், குடு" என்று கையை நீட்டினார்.

கொடுத்தது என் தப்பு. வாங்கினாரோ இல்லையோ, கேமரா அவர் விரல்களுக்கு நடுவே வழுக்கி, நேராக வாளிக்குள் விழுந்தது.

மூன்று பேரும் வாளியைப் பார்த்தோம். மூன்று ஃபோனைத் தொட்டியில் போட்ட கைதான் அது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குனிந்து எடுக்க அவருக்கு அவசரமே இல்லாததைக் கவனித்தேன். நான்தான் பாய்ந்து கையை விட்டு எடுத்தேன். நல்லவேளை, வாளியில் நாலு விரல்கடைத் தண்ணீர்தான்.

"தெறிச்சா தாங்கும், முங்குனா தாங்காது" என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. "வேணும்னே போட்டியா?"

"கை வழுக்கிடுச்சு."

"என்னை முகத்துக்கு நேரா பார்த்துச் சொல்லு."

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்கென்று அவள் வைத்திருந்த புதுத் துண்டில் நான் கேமராவைத் துடைத்தேன். ரப்பர் இடுக்கை ஊதினேன். அவர் முதுகுக்குக் குறிவைத்துப் பாதி அழுத்தினேன். பச்சை விளக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வந்தே விட்டது. மீதியை அழுத்தினேன். உள்ளே மோட்டார் 'கிர்ர்' என்று தானாகச் சுற்ற ஆரம்பித்தது. முப்பத்தாறிலிருந்து எண் ஒவ்வொன்றாக இறங்கி, சைபருக்கு வந்து நின்றது. எனக்கு உயிர் வந்தது.

இவருக்கு மட்டும் முகம் செத்துப் போயிருந்தது.

ஃபிலிம் கழுவுகிற ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளி. ஸ்டூடியோக்காரர் சின்னச் சின்ன அடையாள அட்டைப் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"வாரத்துல ரெண்டு நாள்தான் கழுவுறேன். நாளன்னைக்கு வாங்க."

"இன்னைக்கே வேணும்" என்றேன்.

"மருந்தைச் சூடு பண்ணணும். ஒரு ரோலுக்காக யார் பண்ணுவாங்க?"

அவர் சொல்லும்போது வலது கையைத் தூக்கி, பாதியிலேயே நிறுத்தி, முகத்தைச் சுளித்தார். நாத்தனாரின் கண் அங்கேயே போய் நின்றது.

"தோள்பட்டை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஆறு மாசம். சட்டை மாட்டவே முடியல."

"நாளைக்கு என்கிட்ட வாங்க. நாலு வாரத்துல சட்டையை நீங்களே மாட்டுவீங்க. ஆனா இந்த ரோல் இன்னைக்குக் கழுவலைன்னா நாளைக்கு அங்கே சுவரே இருக்காது."

"ரெண்டரை மணி நேரம்" என்றார் அவர், மருந்து அறைக் கதவைத் திறந்துகொண்டே.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். வாசல் பெஞ்சில் ஒரு கோடியில் அண்ணன், மறு கோடியில் தங்கை, நடுவில் நான்.

"இவர் வேலையில ஒழுகாதுன்னு ஊரே சொல்லுது, அண்ணி" என்றாள் நாத்தனார் என் காதில், அவருக்கும் கேட்கிற மாதிரி. "தங்கச்சி இடம்னா மட்டும் போதும்னு விட்டுட்டாரு போல."

"அப்படிச் சொல்லாதன்னு சொல்லு" என்றார் அவர் என்னிடம்.

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? நான் என்ன தபால்காரியா?"

எனக்குப் பசி வேறு. பசியில் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும் என்பது ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒன்றரை மணிக்கு ஸ்டூடியோக்காரர் படங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். யார் யாரோ வீட்டுக் குளியலறைகள், சாம்பல் நிறப் பைப்புகள், வால்வுகள். எல்லாம் துல்லியமாக, அளவு டேப்பில் எண்கூடப் படிக்கிற மாதிரி. நாத்தனாரின் விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், ஒரு படத்தில் நின்றது.

அவள் கூடம்தான். அவள் சுவர்தான். ஆனால் சுவரில் பைப்பெல்லாம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதுபோல் மங்கிக் கிடந்தது. முன்னால், நட்ட நடுவில், நாத்தனார் நின்றாள். கன்னத்தில் சிமெண்டுத் தூசி. வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளுடைய கண்ணிமை மயிர்வரை எண்ணிவிடலாம்.

"இது என்ன?" என்றாள்.

இவர் படத்தைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார்.

"பைப்பைப் படம் எடுக்கச் சொன்னா என்னை எடுத்து வெச்சிருக்க?"

"நீ குறுக்கே வந்த" என்றார். பிறகு, "இல்ல. நான்தான். பாதி அழுத்திப் பிடிச்சது உன் மேலதான். வேணும்னுதான் பிடிச்சேன்."

"ஏன்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவையா என்னைப் பார்த்துச் சிரிச்ச. பைப்பை அப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள பூச்சுக்காரங்க வந்து மூடிட்டாங்க. இந்த ரோலைக் கழுவினா தெரிஞ்சிடுமேன்னுதான்..." நிறுத்தினார். "இன்னொண்ணும் இருக்கு. ஒழுகுறது எந்த ஜாயின்ட்டுன்னு எனக்குத் தெரியும். ஆனா அது சுவர்ல எந்த இடம்னுதான் ஞாபகம் இல்ல."

"எப்படித் தெரியும்?" என்றேன் நான்.

"சொல்யூஷன் பசையைத் தடவிச் சொருகினா, பைப்பை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். இல்லைன்னா அதுவே கொஞ்சம் வெளியே தள்ளிக்கும். அன்னைக்கு ஒண்ணே ஒண்ணை மட்டும் பிடிக்கல. கேமராவை எடுக்கக் கையை விட்டுட்டேன்."

இருபது வருடமாக ஊரார் வீட்டுச் சுவருக்குள் ஒரு ஜாயின்ட்டையும் பாதியில் விடாத மனுஷன் இவர். நாத்தனார் படத்தை எடுத்து முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து திட்டித் தீர்த்த வாய் லேசாக நடுங்கியது. இந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"பாவமன்னிப்பு எல்லாம் இருக்கட்டும்" என்றேன். "சுவரை உடைக்கணுமா, வேணாமா?"

அப்போதுதான் நாத்தனார் படத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"அண்ணி, எனக்கு நாலு கை இருக்கு."

இருந்தது. அவள் கை இரண்டும் முன்னால் கட்டியிருக்க, முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு கைகள் நீண்டிருந்தன. ஒன்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தது. மற்றது பைப் வளைகிற இடத்தில் மாட்டுகிற முழங்கைத் துண்டு, மங்கலான ஓர் எல்போவின் மேல் டேப்பை அழுத்திக்கொண்டிருந்தது. வளையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அது நான்" என்றேன். "டேப் பிடிக்கச் சொல்லிச் சுவரைப் பார்த்து நிக்க வெச்சீங்களே, நானேதான்."

"கேமராத் துளையில பார்த்தப்ப உன் கை தெரியலையே" என்றார் இவர்.

"இந்த மாதிரி கேமராவுல துளையில தெரியிறதைவிட ஃபிலிம் கொஞ்சம் அதிகமா வாங்கும்" என்றார் ஸ்டூடியோக்காரர். "ஓரத்துல இருக்கிறதெல்லாம் கழுவினப்புறம்தான் தெரியும்."

முப்பத்தாறு படத்தில் கட்டின பெண்டாட்டிக்கு இரண்டு கை மட்டும். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் முடிந்து வைத்தேன்.

"அந்த எல்போதானா?" என்று அவரைக் கேட்டேன்.

"அதேதான்."

நானும் நாத்தனாரும் முன்னால் ஓடினோம். இவர் ஸ்டூடியோக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் சட்டத்தை இடது கையால் பிடித்தேன். படத்தில் இருந்தபடி வலது கையை முழுக்க நீட்டினேன். நாத்தனார் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல, அண்ணி. ஜன்னல் தாழ்ப்பாள் உயரத்துக்கு. ஆங், அங்கேயே இருங்க."

என் உள்ளங்கை ஒரு டைல்ஸின் மேல் இருந்தது. தண்ணீர் வடிகிற இடத்திலிருந்து நல்ல ஒரு முழம் தள்ளி. இவர் பென்சிலால் கையைச் சுற்றிக் கோடு போட்டார்.

"தப்பாப் போனா மொத்தமும் போகும்" என்றார்.

"எடு, அண்ணா" என்றாள் நாத்தனார். காலையிலிருந்து முதல் 'அண்ணா'.

இடுக்கைச் சுரண்டி, உளியை வைத்து, சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினார். கால் மணி நேரம் ஆயிற்று. டைல்ஸ் உடையாமல் முழுசாகக் கையோடு வந்தது. பின்னால் பூச்சைக் கொத்தியதும் ஈரமாக, சாம்பல் நிறத்தில், எல்போ. அதன் கழுத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி. அதிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக வந்துகொண்டிருந்தது.

ஒரே டைல்ஸ். நாத்தனார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பவே மாத்திடுறேன்" என்றார் இவர். "ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில எட்டு மணிக்கு வால்வைத் திறக்கலாம். பத்து மணிக்கு உனக்குத் தண்ணி வரும்." வால்வை மூடி, பழசை அறுத்து எடுத்துவிட்டுப் புது எல்போவைச் சொருகி, இந்த முறை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அரை நிமிஷம் இல்லை, மூன்று நிமிஷம்.

நான் கையைக் கழுவ வெளிக் குழாய்க்குப் போய் வந்து, துடைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த படத்தை எடுத்தேன். உள்ளதைச் சொன்னால் என் கையைப் பார்க்கத்தான் எடுத்தேன். சுவரைக் காப்பாற்றிய கையாயிற்றே.

நாத்தனாரின் சிரிப்பை நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். அழகான சிரிப்பு. ஆனால் அவள் கண் கேமராவைப் பார்க்கவில்லை. கேமரா பிடித்திருந்தவரையும் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கவாட்டில், வாசல் பக்கம் பார்த்துச் சிரித்திருந்தாள்.

படத்தின் கீழ் மூலையில், விளிம்பை ஒட்டி, ஒரு ஷூவின் நுனி இருந்தது. பாலிஷ் போட்ட பழுப்பு நிற ஆண் ஷூ. இவர் வேலைக்குச் செருப்பைத் தவிர எதுவும் போட்டதில்லை. அன்று அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் என்று இந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதைத் துளையில் வைத்திருந்திருக்கிறார்.

தலையை நிமிர்த்தினேன். நாத்தனார் பக்கத்தில் நின்றாள். அவள் கட்டைவிரல் மெதுவாக வந்து அந்த மூலையின் மேல் உட்கார்ந்தது.

"அண்ணி" என்றாள், உதடு மட்டும் அசைய. "அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். இவரைப் பார்த்தேன். இன்னும் பைப்பை அழுத்திப் பிடித்தபடி, முதுகைக் காட்டி நின்றார். காதுவரை சந்தோஷம் தெரிந்தது.

"அந்தப் படத்தை நல்லாப் பெருசாப் போடச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "ஓரம் எதையும் வெட்டாதீங்க, முழுசா வேணும்னு சொல்லிட்டேன். காலையில ஸ்டூடியோக்காரரே கொண்டு வந்துடுவார். வாசல்ல, வர்றவங்க எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டிடலாம்."

மூலையை அழுத்தியிருந்த கட்டைவிரலின் நகம் வெளுத்துப் போனது.